ஒருங்கிணைந்த தும்மல்

"போதைக்கு அடிமை என்று உலகத்தில் ஒருத்தனும் கிடையாது. முடிவெடுக்கச் சோம்பல்படுகிறவன் இருக்கிறான், அவ்வளவுதான். இதை இன்றைக்கு நான் சொல்கிறேன். நாளைக்கு உலகம் சொல்லும்."

இதைச் சொன்னபோது டாக்டர் சக்ரவர்த்தியின் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. மறுநாள் மாநாட்டில் ஆற்ற வேண்டிய தலைமை உரையை வீட்டுக் கூடத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் வெள்ளி டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை மூக்குப்பொடி எடுத்து, வலது மூக்குக்குப் பாதி இடது மூக்குக்குப் பாதி என்று பாரபட்சமில்லாமல் ஏற்றிக்கொண்டு, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். அந்தக் கைக்குட்டை வாங்கும்போது வெள்ளையாக இருந்ததாகக் குடும்பத்தில் ஓர் ஐதிகம் உண்டு.

சின்னக் காஞ்சிபுரத்துக்கு அவர்தான் மனநல மருத்துவர். கண்ணை உருட்டாமல், நோயாளியை மிரட்டாமல் வைத்தியம் பார்ப்பவர் என்று நல்ல பேர். ஊரே அவரை மதித்தது. மதிக்காதவர் இருவர். ஒருத்தி பெண் ஸௌம்யா. இன்னொருவன் அவள் பெற்ற ஸ்ரீவர்தன். அவனுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

குழந்தைக்குப் பேர் வைத்த அன்றே விவகாரம் ஆரம்பித்துவிட்டது. காதில் பேர் சொல்லத் தாத்தா குனிந்தார். "ஸ்ரீ" என்றார். குழந்தை தும்ம ஆரம்பித்தது. மூஞ்சி சிவந்து, மூச்சு முட்டி, தும்மல் நிற்கவில்லை. ஸௌம்யா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றாள். மீதி "வர்தன்" என்பதைச் சம்பந்தி சொல்லி முடித்தார். அன்றிலிருந்து சக்ரவர்த்தி பேரனை, மார்கழிக் கூட்டத்தில் பெருமாளைப் பார்ப்பதுபோல, தூர நின்று எட்டிப் பார்த்து சேவித்துக்கொள்வதோடு சரி.

"அப்பா, உலகம் நாளைக்குச் சொல்லட்டும். நீ எப்போ முடிவெடுக்கப் போறே?" என்றாள் ஸௌம்யா, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து.

"எதுக்கு?"

"கையில இருக்கே, அதுக்கு."

"இது பழக்கம்மா. பழக்கம் வேற, போதை வேற. என் புஸ்தகத்துல அதுக்குத் தனி அத்தியாயமே இருக்கு."

"அந்த அத்தியாயத்தைக் குழந்தை மூக்குக்குப் படிச்சுக் காட்டு. நாளைக்கு சாயங்காலம் நாங்க பெங்களூர் கிளம்பறோம். இனிமே எப்போ வருவோம்னு தெரியாது. தாத்தா மடியில ஒரு தடவைகூட ஒக்காராம ஒரு பேரன் ஊரைவிட்டுப் போனான்னு இருக்கட்டும்."

சக்ரவர்த்தி டப்பாவை மூடினார். "என்ன பண்ணணும்கறே?"

"மாநாடு முடியற வரைக்கும் அதைத் தொடாம இரு. நானே கொண்டுவந்து உன் மடியில போடறேன்."

"இவ்வளவுதானா?" என்றார் சக்ரவர்த்தி. நிஜமாகவே ஏமாற்றமாக இருந்தது அவருக்கு. இதைவிடக் கடினமாக ஏதாவது கேட்டிருந்தால் அவருடைய கொள்கைக்கு ஒரு நல்ல உதாரணம் கிடைத்திருக்கும்.

மாநாடு பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐயம்பேட்டையில் தர்மன் என்று ஒரு நெசவாளி. தூக்கமில்லை, துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று சக்ரவர்த்தியிடம் வந்தான். "முதல்ல குடியை நிறுத்திட்டு வா" என்று அவர் போதை மீட்பு இல்லத்துக்கு அனுப்பினார். அங்கே, "முதல்ல துக்கத்துக்கு வைத்தியம் பண்ணிக்கினு வா" என்று திருப்பி அனுப்பினார்கள். தறியில் ஓடுகிற நாடாவைப்போல அவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு வருஷம் ஓடினான். நாடா ஓடினால் சேலையாவது மிஞ்சும். தர்மனுக்கு பஸ் டிக்கெட்தான் மிஞ்சியது. ஒரு நாள் அவன் இரண்டு இடத்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு கலெக்டரின் மனுநீதி நாளில் போய் நின்றுவிட்டான். கலெக்டர் ஆபீசிலிருந்து இரண்டு தரப்புக்கும் போன் வந்தது. அதன் விளைவாக 1998-ஆம் ஆண்டு தை மாதம், 'மனநலமும் போதை மீட்பும்: ஒருங்கிணைந்த சிகிச்சைக்கான ஒரு நாள் மாநாடு' என்பது முகூர்த்தமில்லாத ஒரு நாளில், கல்யாண மண்டபம் ஒன்றில் நிச்சயிக்கப்பட்டது.

உடனே தகராறும் நிச்சயிக்கப்பட்டது. மனநலம் முன்னால் வருவதா, போதை மீட்பு முன்னால் வருவதா? துக்கத்தால் குடிக்கிறானா, குடித்ததால் துக்கமா? மருத்துவ உலகம் தீர்க்காத கேள்வியை இவர்கள் பேனர் எழுதுகிறவனிடம் தீர்க்கச் சொன்னார்கள்.

வெளியூரில் இப்படி ஒரு தகராறு வந்தால் மாநாடு கலைந்துபோயிருக்கும். ஆனால் இது வடகலை, தென்கலை என்று நாமத்துக்கே இரண்டு வடிவம் உள்ள ஊர். எந்தக் கோஷ்டி முன்னால் பாடுவது, யாருக்கு முதல் தீர்த்தம் என்பதையெல்லாம் கோர்ட்டு வரைக்கும் கொண்டுபோய்க் கரைகண்டவர்கள். இரண்டு கட்சி என்றால் அவர்களுக்கு பயம் கிடையாது. ஒரே கட்சி என்றால்தான் என்ன செய்வதென்று தெரியாது. வரவேற்புக் குழுவின் தலைவராக அச்சுத் பொறுப்பேற்றார். சக்ரவர்த்தியின் மச்சினர், பள்ளிக்கூட வாத்தியார், கோயில் மரியாதைகளின் வரிசையை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பவர்.

"கவலையே படாதீங்கோ அத்திம்பேர்," என்றார். "ரெண்டு பேனர். வாசல்ல இருக்கறதுல மனநலம் முன்னாடி. சாப்பாட்டுக் கூடத்துல இருக்கறதுல போதை மீட்பு முன்னாடி. வரும்போது நீங்க பெரியவா, சாப்பிடும்போது அவா பெரியவா."

"விளக்கு?"

"அஞ்சு முகம். ரெண்டு உங்களவாளுக்கு, ரெண்டு அவாளுக்கு. நடுவுல ஒண்ணு மெட்ராஸ்லேர்ந்து வரப்போற பெரிய டாக்டருக்கு. யாரும் வாயைத் திறக்க முடியாது."

சக்ரவர்த்திக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது, நிகழ்ச்சி நிரலின் கடைசி வரியைத் தவிர. பிற்பகல், வட்ட அமர்வு, நடத்துபவர் ஜியாவுதீன். இந்த ஜியாவுதீன் ஜரிகை வியாபாரி. போதை மீட்பு இல்லத்தின் தலைவரும் அவர்தான். ஒரு காலத்தில் வெற்றிலையும் ஜர்தாவுமாகக் கன்னம் உப்பியே இருந்தவர். அதை விட்டதைப் பற்றி அவருக்கு இருந்த பெருமை, தாஜ்மஹாலைக் கட்டியவருக்குக்கூட இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

"அது என்ன தெரியுமோ? கைதட்டாத கும்மி," என்று அச்சுத்திடம் சொன்னார் சக்ரவர்த்தி. "நாற்காலியை வட்டமாப் போட்டுக்கறது. ஒருத்தன் எழுந்து, என் பேரு இன்னார், இது இல்லாம என்னால முடியலேன்னு மூக்கைச் சிந்தறது. மத்தவா தலையை ஆட்டறது. பஜனை மடத்துலயாவது கடைசில சுண்டல் குடுப்பா."

"பஜ்ஜிக்குச் சொல்லியிருக்கேன் அத்திம்பேர்."

"அப்போ சரி."

மாநாட்டன்று காலையில் சக்ரவர்த்தி டப்பாவை வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை. ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டுதான் வந்தார். எதிரியை வீட்டில் விட்டுவிட்டுப் போருக்குப் போகிறவன் வீரனில்லை என்பது அவர் எண்ணம். மணவறை இருக்கும் மேடையில், மணமகன் உட்கார வேண்டிய இடத்துக்கு அருகே அவருக்கு நாற்காலி. பக்கத்து நாற்காலியில் ஜியாவுதீன். கீழே வலது பக்கம் மனநலத்தார், இடது பக்கம் போதை மீட்பார். பிள்ளை வீடு, பெண் வீடு மாதிரியே இருந்தது. முறைத்துக்கொண்டதும் அப்படித்தான். மூன்றாவது வரிசையில் ஸௌம்யா, மடியில் குழந்தை. தர்மனும் வந்திருந்தான், இவன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவனை நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்திருந்தார்கள்.

ஒன்பதரைக்கு விளக்கேற்றிவிட்டுப் பத்து மணிக்குத் தலைமை உரை என்பது திட்டம். ஆனால் பொன்னாடை குறுக்கே வந்தது. காஞ்சிபுரத்தில் மாநாடு நடத்திவிட்டுப் பட்டு போர்த்தாமல் அனுப்ப முடியுமா? அச்சுத் ஒவ்வொரு பேராகக் கோயிலில் அழைப்பதுபோல ராகம் போட்டு அழைத்தார். அழைத்த வரிசை சரியில்லை என்று ஒரு தரப்பு எழுந்தது. திருத்தி அழைத்ததும் மறு தரப்பு எழுந்தது. போர்த்தியதைக் கழற்றி மறுபடியும் முதலிலிருந்து போர்த்தினார்கள். சென்னைப் பெரிய டாக்டருக்கு இரண்டு தடவை பொன்னாடை வந்து, ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நடப்பதெல்லாம் ஏதோ உள்ளூர் சிகிச்சைமுறை என்று நினைத்து அவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

நேரம் பதினொன்றைத் தாண்டியது.

சக்ரவர்த்தியின் மண்டைக்குள் யாரோ தறி போட்டார்கள். பலகை அடிக்கிற சத்தம் காதுக்குப் பின்னால் கேட்டது. கண் கலங்கியது. தாம் எழுதிய தலைமை உரையை எடுத்துப் பார்த்தார். எழுத்துகள் வரிசை மாறி, முதல் தீர்த்தம் யாருக்கு என்று தமக்குள் சண்டை போட்டுக்கொண்டன. மூன்றாம் வரிசையில் பேரன் அவரைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தான். 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று சக்ரவர்த்தி தமக்குச் சொல்லிக்கொண்டார். அவருடைய நோயாளிகள் எல்லோரும் அவரிடம் சொல்கிற அதே வாக்கியம் அது. அதற்கு அவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரை எது என்று அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

கடைசியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். இரண்டு பெண்கள் கடவுள் வாழ்த்துப் பாட ஆரம்பித்தார்கள். நீளமான பாட்டு. ஒவ்வொரு அடியையும் மூன்று தடவை பாடுகிற பாட்டு. இரண்டாவது சரணத்தில் சக்ரவர்த்தியின் வலது கை, அவரிடம் உத்தரவு கேட்காமல், ஜிப்பாப் பைக்குள் போயிற்று. வெளியே வந்தபோது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டியிருந்தன. அவர் தலையைக் கொஞ்சம் குனிந்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, வலது உள்ளங்கையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஒரு இழுப்பு இழுத்தார்.

இந்த இடத்தில் ஊர் வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். சின்னக் காஞ்சிபுரத்தில் பெரியவர்கள் சடாரி வாங்கும்போதும், ஆசாரியர் முன்னால் நிற்கும்போதும் இப்படித்தான் நிற்பார்கள். குனிந்த தலை, பொத்திய வாய், முழங்கைக்குக் கீழே மறு கை. அடக்கத்துக்கு இதற்கு மேல் ஒரு நிலை கிடையாது.

அச்சுத் பார்த்தார். மெய்சிலிர்த்தது. அறிவியல் அறிவியல் என்று பேசுகிற அத்திம்பேருக்குள்ளே இவ்வளவு பக்தியா? உடனே அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குனிந்து, தாமும் வாயைப் பொத்திக்கொண்டார். வரவேற்புக் குழு பொத்திக்கொண்டது. வலது பக்கத்து மனநலத்தார், தங்கள் தலைவரே பொத்திக்கொண்டிருக்கும்போது சும்மா நிற்பதா என்று பொத்திக்கொண்டார்கள். இடது பக்கத்துப் போதை மீட்பார், இதிலும் அவர்கள் முந்திக்கொள்வதா என்று இன்னும் நாலு விரற்கடை கூடுதலாகக் குனிந்து பொத்திக்கொண்டார்கள். சென்னை டாக்டர் இப்படியும் அப்படியும் பார்த்தார். கையில் இருந்த பூச்செண்டால் வாயை மூடிக்கொண்டார். பாடிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியும் பொத்திக்கொள்ள, கடவுள் வாழ்த்து பாதிக் குரலில் நடந்தது.

பாடிய இன்னொரு பெண்ணைத் தவிர, மண்டபத்தில் வாயைப் பொத்தாமல் நின்றவர் ஜியாவுதீன் ஒருவர்தான். அவர் பக்கவாட்டில் நின்றதால், உள்ளங்கைக்குப் பின்னால் நடந்தது அவருக்குத் தெரிந்தது.

பாட்டு முடிந்தது. அச்சுத் தீக்குச்சியைக் கிழித்தார். அந்த நிசப்தத்தில் சக்ரவர்த்தி தும்மினார். இரண்டு மணி நேரம் கட்டிவைத்த தும்மல். மேடைத் தோரணத்தில் மாவிலைகள் ஆடின.

அச்சுத் தீக்குச்சியை ஊதி அணைத்தார்.

"ஒத்தைத் தும்மல். இப்போ ஏத்தப்படாது. எல்லாரும் ஒக்காருங்கோ."

"இது சயின்டிஃபிக் மாநாடு இல்லியா?" என்றார் சென்னை டாக்டர், பூச்செண்டை இறக்கி.

"பேஷா. சயின்ஸெல்லாம் விளக்கேத்தினதுக்கு அப்புறம், சார்."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"சாஸ்திரத்துல கால அளவு சொல்லலை."

மண்டபம் முணுமுணுத்தது. தலைமையே தும்மிவிட்டதால் மாநாடு மனநலத்தாரால்தான் கெட்டது என்று இடது பக்கத்தில் ஒருவர் சொன்னார். வலது பக்கத்தில் இரண்டு பேர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில், சக்ரவர்த்தியின் கையிலிருந்து கிளம்பிக் காற்றில் மிதந்துகொண்டிருந்த பொடியின் கடைசித் துகள்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஜியாவுதீன் மூக்கு விடைத்தது. கண்ணை இறுக மூடினார். அவரும் தும்மினார்.

"ரெட்டை," என்றார் அச்சுத். "சுபம். ஏத்தலாம்."

ஒரு பக்கத்துக்கு ஒரு தும்மல் என்று கணக்கு நேராகிவிட்டதில் இரண்டு தரப்பும் கைதட்டின. விளக்கு எரிந்தது. சென்னை டாக்டர் தொடக்க உரையில் தாம் எழுதி வந்ததை ஒதுக்கிவிட்டு, பேசுவதற்கு முன் இரு தரப்பும் தத்தம் வாயைப் பொத்திக்கொள்ளும் இந்தப் பண்பே ஒருங்கிணைந்த சிகிச்சையின் உயிர்நாடி என்றும், இதைத் தாம் தில்லியில் எடுத்துச் சொல்லப் போவதாகவும் அறிவித்தார்.

கைதட்டலுக்கு நடுவில் ஜியாவுதீன் சக்ரவர்த்தி பக்கம் சாய்ந்தார். "நெய்ப்பொடியா டாக்டர் சாப்?"

"எது?"

"எனுக்கு லேசுல தும்மல் வராது. ஜர்தாவுல மரத்துப்போன மூக்கு இது. நல்ல சரக்காத்தான் இருக்கணும்."

"விளக்குப் புகை."

"அப்ப விளக்கு ஏத்தவே இல்லியே," என்றார் ஜியாவுதீன், வருத்தத்தோடு. பிறகு நேராக உட்கார்ந்துகொண்டார்.

சக்ரவர்த்தி எழுந்து தலைமை உரை ஆற்றினார். போதைக்கு அடிமை என்று உலகத்தில் ஒருத்தனும் கிடையாது என்றார். மூளை இப்போது பளிச்சென்று இருந்தது. பொடி வேலை செய்தது. ஒரு வார்த்தை தடுக்கவில்லை. இதைவிடப் பிரமாதமாக அவர் பேசியதே இல்லை என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன. ஸ்டூலில் இருந்த தர்மன் மட்டும் அவர் சொன்னதை நம்பி, தலையைக் குனிந்துகொண்டான். மேடையிலிருந்து அது தெரிந்தது. சக்ரவர்த்தி வேறு பக்கம் பார்த்துப் பேசி முடித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு தாழ்வாரத்தில் ஸௌம்யா வந்து நின்றாள். அவள் கண் கொஞ்சம் ஈரமாக இருந்தது.

"பாத்தேன்பா," என்றாள்.

சக்ரவர்த்தி கைக்குட்டையை ஜிப்பாப் பைக்குள் திணித்தார். "என்னத்தை?"

"பாட்டு நடந்தப்போ மூக்கைப் பொத்திண்டு நின்னியே. கண்ணுல ஜலம் வந்துடுத்து உனக்கு. அவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியாதுப்பா. ஏதோ வீம்புக்குப் போடறேன்னு நெனச்சுண்டிருந்தேன்." குழந்தையை முன்னால் நீட்டினாள். "மாநாடு முடியணும்னுகூட இல்லே. நீ பொறுத்தது போறும். இந்தா, வாங்கிக்கோ."

ஸ்ரீவர்தன் காலை உதைத்துக்கொண்டு தாத்தாவிடம் தாவினான். சக்ரவர்த்தி கையை நீட்டினார். நீட்டின கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, பவானி ஜமக்காளத்துக் கரை மாதிரி ஒரு பழுப்புக் கோடு. ஸௌம்யா அதைப் பார்க்கவில்லை. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியே வாங்கிக்கொண்டிருக்கலாம். குழந்தை தும்மினால் வெயில், தூசி, தாளிப்பு என்று ஆயிரம் காரணம் இருந்தது. காரணம் சொல்வதில் ஊரிலேயே அவர்தான் நிபுணர்.

கை பின்னால் போயிற்று.

"இரு, சாப்பிட்ட கை. அலம்பிண்டு வரேன்."

"சீக்கிரம் வா."

குழாயடியில் அலம்பினார். மோந்து பார்த்தார். சோப்பு வாங்கி அலம்பினார். பந்தியில் மிஞ்சிய எலுமிச்சம்பழ மூடியை வைத்துத் தேய்த்தார். கோடு போயிற்று, வாசனை போகவில்லை. வாசனை தேவலை என்று மூக்கு சொல்லியது. இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டால்தான் என்ன என்றும் சொல்லியது. குழந்தை பத்தடியில் காத்திருக்கும்போதே அது அப்படிச் சொன்னதுதான் சக்ரவர்த்திக்குத் தாங்கவில்லை. ஈரக் கையோடு அங்கேயே நின்றார்.

குழாயடிக்கு எதிரே சாப்பாட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுக்கிற சத்தம். வட்ட அமர்வு ஆரம்பமாகிக்கொண்டிருந்தது. மாநாட்டுப் பிரதிநிதிகள் நோட்டும் பேனாவுமாகச் சுவரோரம் நின்றிருந்தார்கள். ஜியாவுதீன் நடுவில் நின்று கையைத் தட்டினார்.

"வேடிக்கை பாக்கறதுக்கு இது பொருட்காட்சி கெடையாதுபா. நாற்காலி இருக்குது, உக்காந்து பேசறவங்க உக்காரு. இல்லாங்காட்டி வெளியே பஜ்ஜி ரெடியா இருக்குது, போ."

பிரதிநிதிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனநலத்தாரும் போதை மீட்பாரும் சேர்ந்து ஒரு மனதாக பஜ்ஜிக்குக் கிளம்பினார்கள். அன்றைய மாநாட்டில் எதிர்ப்பில்லாமல் நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான்.

கூடத்தில் தர்மனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் மிஞ்சினார்கள். வாசற்படியில் சக்ரவர்த்தி நின்றார். ஜியாவுதீன் நிமிர்ந்து பார்த்தார்.

"தலைமை நாற்காலின்னு தனியா ஒண்ணும் போடலை டாக்டர் சாப்."

"தெரியும்."

"உள்ளே வந்தா உக்காரணும். அது ரூல்ஸு. உங்களுக்குன்னு மாத்த முடியாது."

"மாத்த வேண்டாம்," என்றார் சக்ரவர்த்தி. அடுக்கியிருந்ததிலிருந்து ஒரு நாற்காலியை உருவ முயன்றார். அது இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உதறிப் பிரித்து, தர்மனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தர்மன் பதறி எழுந்தான்.

"உக்காருபா," என்றார் ஜியாவுதீன். "இங்க யாரும் யாருக்கும் எழுந்திருக்கத் தேவையில்ல."

இடது கைப் பக்கமிருந்து ஆரம்பித்தார்கள். ஒருவர் பேரைச் சொன்னார், குடியைச் சொன்னார். இன்னொருவர் பேரைச் சொல்லிவிட்டு அதற்கு மேல் முடியாமல் கையைக் காட்டினார், விட்டுவிட்டார்கள். தர்மன், போன வியாழக்கிழமை கடைவாசல் வரைக்கும் போய்விட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்ததைச் சொன்னான். வெள்ளிக்கிழமை திருப்பவில்லை என்பதையும் சொன்னான். மற்றவர்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள். சக்ரவர்த்தியும் ஆட்டினார்.

பிறகு எல்லோரும் அவர் பக்கம் பார்த்தார்கள்.

அவர் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டே, வாய்க்குள்ளேயே, பேரைச் சொன்னார். தொடர்ந்து இன்னும் ஏதோ சொன்னார். அது பக்கத்து நாற்காலிக்கே சரியாகப் போய்ச் சேரவில்லை.

"காதுல விழல சார்," என்றான் தர்மன், மரியாதையாக. "கொஞ்சம் சத்தமா சொன்னீங்கன்னா..."

சக்ரவர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.